முதலில் துண்டைப் போடுங்கள்: அமெரிக்காவில் ஆய்வாளர்கள் கிரீன் கார்டு வாங்கும் வழி

போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியில் சேர்ந்து இரண்டாவது வருடத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, எனக்கு 180 சைட்டேஷன் இருக்கு. இப்பவே போடலாமா, இன்னும் ரெண்டு பேப்பர் வரட்டுமா?" சைட்டேஷன் என்றால் பிறர் தங்கள் பேப்பரில் நம் பேப்பரை மேற்கோள் காட்டுவது. பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று திருப்பிக் கேட்பேன்: "நீ எந்த நாட்டில் பிறந்தாய்?"

கிரீன் கார்டு வரிசையில் குடியுரிமைக்கு மதிப்பில்லை, பிறந்த நாடுதான் கணக்கு. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் முதல் பிரிவான ஈபி-1, இரண்டாம் பிரிவான ஈபி-2, மூன்றாம் பிரிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் சுமார் 40,000. மனைவி, கணவர், குழந்தைகளும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே வருகிறார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் விட்டது கொஞ்சம் வந்து சேரும், அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களோ ஏராளம். அதனால் 2025 அக்டோபர் நிலவரப்படி, இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-2 வரிசை 2013-ல் நின்றது. 2013-ல் இடம் பிடித்தவருக்கு அப்போதுதான் அழைப்பு வந்தது. ஈபி-1 வரிசை 2022-ல் நின்றது.

இலங்கையில் பிறந்த தமிழருக்கு இந்த நீண்ட இந்திய வரிசை கிடையாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிறந்தவர்களுக்கும் அப்படித்தான். அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்து, பத்து வயதில் திருச்சிக்கு வந்து, இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் பிள்ளையும் குவைத் கணக்கில்தான் வருவார். நீங்கள் மதுரையில் பிறந்திருந்து, உங்கள் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றால், அவருடைய நாட்டு வரிசையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இது தெரியாமல் இந்திய வரிசையில் வருடக்கணக்கில் நின்ற ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். ஆகவே, எதையும் தொடங்கும் முன் வீட்டில் இருவரின் பிறந்த ஊரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் எழுதுவது இந்தியாவில் பிறந்தவர்களை மனதில் வைத்து. மற்றவர்களுக்கும் மனு எழுதும் முறை ஒன்றேதான், காத்திருப்புதான் குறைவு.

துண்டு போடுவது என்றால் என்ன

நம் ஊர் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம் அல்லவா? கிரீன் கார்டில் அந்தத் துண்டின் பெயர் பிரயாரிட்டி டேட். கிரீன் கார்டுக்குத் தகுதி உண்டு என்று காட்டும் ஐ-140 என்ற மனு, அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும் நாளே உங்கள் தேதி. உள்ளூரில் தகுதியான ஆள் இல்லை என்று காட்டும் பெர்ம் என்ற தொழிலாளர் சான்று வழியாக நிறுவனம் போனால், அந்தச் சான்றுக்கு விண்ணப்பித்த நாள்.

இந்தத் தேதியைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு ஐ-140 அங்கீகரிக்கப்பட்டுவிட்டால், பிறகு நீங்கள் போடும் இன்னொரு ஐ-140-க்கும் பழைய தேதியே செல்லும். பிரிவு மாறினாலும் சரி, வேலை மாறினாலும் சரி. இன்று ஈபி-2-ல் மனு போட்டு, அது அங்கீகாரமாகி, மூன்று வருடம் கழித்து ஈபி-1-ல் ஜெயித்தால், ஈபி-1 வரிசையில் மூன்று வருடம் முன்னால் போய் நிற்பீர்கள். மோசடி, அரசு தரப்பில் பெரிய தவறு போன்ற காரணங்களால் மனு ரத்தானால்தான் தேதி போகும்.

"ஈபி-2 இந்தியாவுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகுமாமே, அதைப் போட்டு என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அது இன்றைக்கு வீடு கட்ட அல்ல, மனையைப் பதிவு செய்துகொள்ள. நான் அடுத்த பேப்பர், அதற்கடுத்த பேப்பர் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வருடம் இனி எந்த வழியிலும் திரும்பி வராது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அங்கீகாரத்துக்கு உடனடிப் பயனும் உண்டு. வேலை விசாவான எச்-1பி-க்கு ஆறு வருடம்தான் வரம்பு. அங்கீகரிக்கப்பட்ட ஐ-140 இருந்து, தேதி இன்னும் வராமல் இருந்தால், மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம். எச்-4 விசாவில் இருக்கும் துணைவர் வேலை அனுமதி கேட்கவும் அதுவே அடிப்படை. 2015 முதல் இந்த வசதி இருக்கிறது.

எந்தக் கதவு உங்களுக்கு

ஆய்வாளர்களுக்கு முக்கியமாக மூன்று கதவுகள்.

முதலாவது என்ஐடபிள்யூ, அதாவது தேசிய நலன் கருதிய விலக்கு. இது ஈபி-2-க்குள் வருகிறது. வழக்கமாக ஈபி-2-க்கு ஒரு முதலாளி வேண்டும், அந்த வேலைக்கு உள்ளூரில் தகுதியான ஆள் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். உங்கள் வேலை நாட்டுக்கு முக்கியம் என்று காட்டினால் அந்த இரண்டிலிருந்தும் விலக்கு. நீங்களே உங்களுக்காக மனு போடலாம். கைடின் கையெழுத்து வேண்டாம், பல்கலைக்கழகத்தின் அனுமதியும் வேண்டாம். பல்கலைக்கழகம் மாறினாலும் மனு உங்களோடு வரும்.

இரண்டாவது ஈபி-1ஏ, அசாதாரணத் திறமை. இதையும் நீங்களே போடலாம். பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். ஆய்வாளர்கள் வழக்கமாகப் பிடித்துக்கொள்பவை: பிறர் ஆய்வை மதிப்பிட்டது, துறைக்குச் சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள். ஆனால் மூன்றைக் காட்டியதும் கதை முடிந்துவிடாது. 2010-ல் வந்த கசாரியன் தீர்ப்புக்குப் பிறகு, அதிகாரி எல்லாச் சான்றுகளையும் மொத்தமாக வைத்து, இவர் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவர்தானா என்று இரண்டாம் முறையாகப் பார்ப்பார். பலர் தோற்பது இந்த இரண்டாம் சுற்றில்.

மூன்றாவது ஈபி-1பி, சிறந்த பேராசிரியர் அல்லது ஆய்வாளர். இதில் ஆறு அளவுகோல்களில் இரண்டு போதும், எனவே ஈபி-1ஏ-வைவிடக் கொஞ்சம் எளிது. ஆனால் பல்கலைக்கழகமோ நிறுவனமோ மனு போட வேண்டும், வேலை நிரந்தரத் தன்மை உள்ளதாக இருக்க வேண்டும், மூன்று வருட ஆய்வு அல்லது கற்பித்தல் அனுபவமும் வேண்டும். போஸ்ட்டாக் என்பது தற்காலிக வேலை என்பதால் பெரும்பாலான போஸ்ட்டாக்குகளுக்கு இந்தக் கதவு திறக்காது. உதவிப் பேராசிரியராகச் சேரும்போது, சம்பளம் பேசும் அதே மேசையில் "ஈபி-1பி எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பெடுக்கும் பதவியாக இருந்தால், உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் பெர்ம் போடும் தனிச் சலுகையும் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. அந்த 18 மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து ஆள் தேட வேண்டியிருக்கும். அதனால் சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே கேளுங்கள்.

சரி, என் யோசனை இதுதான். முனைவர் பட்டம் முடிந்து, ஐந்தாறு நல்ல பேப்பரும், உங்களோடு வேலை செய்யாதவர்கள் உங்களை மேற்கோள் காட்டிய தடயமும் இருந்தால் என்ஐடபிள்யூ போடுங்கள். ஈபி-1-க்கான சான்றுகளை அதன் பிறகு சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

ஜே-1 விசாவில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

ஜே-1 என்பது பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களுக்கான விசா. இரண்டு வருடம் தாய்நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கு உண்டா என்று முதலில் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை 2024 டிசம்பர் 9 முதல், எந்த நாட்டுக்கு எந்தத் துறை ஆட்கள் தேவை என்று சொல்லும் திறன் பட்டியலிலிருந்து இந்தியாவை நீக்கிவிட்டது, முன்பு வந்தவர்களுக்கும் இது செல்லும். அந்தப் பட்டியலால் மட்டும் மாட்டியிருந்தவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் ஃபுல்பிரைட் உதவித்தொகை போல அரசுப் பணத்தில் வந்தவர்களுக்கு நிபந்தனை அப்படியே இருக்கிறது. அவர்கள் அதற்குத் தனியாக விலக்கு வாங்க வேண்டும். ஐ-140 போட இது தடையில்லை, கடைசிக் கட்டத்தில்தான் தடுக்கும்.

இன்னொன்று. மாணவர் விசாவான எஃப்-1, ஜே-1 இரண்டும் திரும்பிப் போவேன் என்று சொல்லி வாங்கியவை. ஐ-140 போட்ட பிறகு ஊருக்குப் போய் அதே விசாவைப் புதுப்பிக்க நின்றால் கேள்வி வரும். முடிந்தால் முதலில் எச்-1பி-க்கு மாறுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி குலுக்கல் கிடையாது, வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

மனுவின் இதயம்: நீங்கள் செய்யப்போகும் வேலை

என்ஐடபிள்யூ மனுக்களை இன்று அளப்பது 2016 டிசம்பரில் தனசார் என்ற வழக்கில் வந்த முடிவை வைத்துத்தான். அந்த வழக்கின் மனுதாரரும் ஒரு ஆய்வாளர்தான். விண்வெளிப் பொறியியலில், ஒலியைவிடப் பல மடங்கு வேகமான உந்துவிசை குறித்து ஆராய்ந்தவர். அவருடைய மனு முதலில் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீட்டு அலுவலகம் அதை மாற்றி அங்கீகரித்தபோது மூன்று கேள்விகளை வகுத்தது. செய்யப்போகும் வேலைக்கு உள்ளபடியே மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுக்கும் நிலையில் இவர் இருக்கிறாரா? வேலை வாய்ப்புக் கடிதம், தொழிலாளர் சான்று இரண்டையும் தள்ளுபடி செய்வது நாட்டுக்கு நன்மையா?

அந்த முடிவில் நம்மவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஓரிடம் உண்டு. அவருடைய ஆய்வுக்குத் தேசிய முக்கியத்துவம் இருக்கிறது என்று ஏற்ற அலுவலகம், அவர் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதை அப்படி ஏற்கவில்லை. நல்ல ஆசிரியர் என்பது அந்த வகுப்பறைக்குள் நிற்கும் பயன், நாட்டளவில் பரவுவதாகக் காட்டவில்லை என்றது. எனவே "ஆய்வும் செய்வேன், வகுப்பும் எடுப்பேன், மாணவர்களையும் வளர்ப்பேன்" என்று எல்லாவற்றையும் கலந்து எழுதாதீர்கள். ஆய்வை மட்டும் முன்னால் நிறுத்துங்கள்.

என் முதல் வரைவில் நான் எழுதியிருந்தது இது: "நீர்ச் சுத்திகரிப்புக்கான நானோ சவ்வுகள் குறித்து என் ஆய்வைத் தொடர்வேன்." ஒரு சீனியர் அக்கா படித்துவிட்டு, "இதுல நாடு எங்கேப்பா இருக்கு?" என்று கேட்டார். மூன்று வாரம் உட்கார்ந்து மாற்றினேன். கடைசியில் வந்தது ஏறக்குறைய இப்படி: "குடிநீரில் கலந்திருக்கும் பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருட்களை, சிறு ஊர்களின் நீர் நிலையங்களும் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய விலையில் பிரித்தெடுக்கும் சவ்வுகளை உருவாக்குவது." அதன் கீழே, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில் அந்த வகையில் இரண்டு வேதிப்பொருட்களுக்கு லட்சம் கோடியில் 4 பங்கு என்று வரம்பு வைத்ததைச் சேர்த்தேன். நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நாடே இதைப் பிரச்சினை என்று எழுதி வைத்திருக்கிறது என்று அதிகாரிக்குக் காட்டியாயிற்று. ஆய்வு அதேதான். எழுதிய விதம்தான் வேறு.

நீங்கள் புற்றுநோய்ச் செல்களில் வேலை செய்தாலும் சரி, மண்ணியலில் வேலை செய்தாலும் சரி, உங்கள் துறையில் அரசு வெளியிட்ட திட்ட ஆவணம், விதி, நிதி அறிவிப்பு ஏதாவது இருக்கும். தேடி எடுத்து உங்கள் வேலைக்கும் அதற்கும் ஒரு நேர்க்கோடு போடுங்கள். 2022 ஜனவரியில் யூஎஸ்சிஐஎஸ், அறிவியல் தொழில்நுட்பத் துறைகளில் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்குச் சாதகமாக வழிகாட்டுதல் தந்தது. 2025 ஜனவரியில் இன்னொரு திருத்தம் வந்து, படிப்பும் தொழிலும் செய்யப்போகும் வேலையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கறாராகப் பார்க்கிறார்கள். பழைய மாதிரி மனுக்களை அப்படியே பின்பற்றுவது இப்போது ஆபத்து.

சான்றுகளும் கடிதங்களும்

வெறும் சைட்டேஷன் எண்ணிக்கை பேசாது. 180 என்பது கணிதத்தில் மலை, செயற்கை நுண்ணறிவில் மேடு. உங்கள் துறையில், அந்தந்த ஆண்டில் வந்த பேப்பர்களில் உங்களுடையது முதல் எத்தனை சதவீதத்தில் வருகிறது என்று ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸின் தரவை வைத்துக் காட்டுங்கள். உங்களை மேற்கோள் காட்டிய பேப்பர்களில் நான்கைந்தைத் திறந்து, உங்கள் முறையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா, இல்லை பத்துப் பேரோடு சேர்த்துப் பெயர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பாருங்கள். பயன்படுத்தியவற்றை மட்டும் எடுத்து, அந்தப் பத்தியை மஞ்சள் அடித்து வைக்கவும். இந்த வேலைக்கு ஒரு வாரம் முழுதாகப் போகும், போகட்டும்.

பேப்பர் ரெவ்யூ செய்தால் பத்திரிகை அனுப்பும் நன்றி மின்னஞ்சலை அழிக்காதீர்கள். அதற்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு இன்றே சேமிக்கத் தொடங்குங்கள். ஈபி-1-க்கு அது நேரடிச் சான்று.

பரிந்துரைக் கடிதம் ஐந்தாறு போதும். கைடு ஒருவர், கூட வேலை செய்தவர் ஒருவர், மற்றவர்கள் உங்களோடு ஒரு பேப்பர்கூடச் சேர்ந்து எழுதாதவர்களாக இருக்க வேண்டும். முகம் தெரியாத பேராசிரியருக்கு எப்படி எழுதுவது என்று கூச்சப்படுவோம். நானும் கூச்சப்பட்டேன். பதினொரு பேருக்கு எழுதினேன், நான்கு பேர் சம்மதித்தார்கள். அவர்களுடைய பேப்பரில் என் வேலையைக் குறிப்பிட்ட இடத்தைச் சுட்டி, "நீங்கள் இதை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு கடிதத்தில் சொல்ல முடியுமா?" என்று கேட்டால் மனிதர்கள் நல்ல மனதோடு உதவுகிறார்கள்.

கடிதத்தில் "இவர் மிகச் சிறந்த, அபாரத் திறமை கொண்ட ஆய்வாளர்" என்று ஒரு பக்கம் இருப்பதைவிட, "இவருடைய பூச்சு முறையை எங்கள் ஆய்வகத்தில் எடுத்துக்கொண்டோம், வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்த சவ்வு மாதக்கணக்கில் தாங்குகிறது" என்ற ஒரு வரி கனமானது. எல்லாக் கடிதத்தையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள். அதிகாரி ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பவர், ஒரே சொற்றொடர் மூன்று கடிதத்தில் வந்தால் கண்டுகொள்வார்.

அப்புறம் நம் பெயர்ப் பிரச்சினை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சான்றிதழில் எஸ். குமார், பாஸ்போர்ட்டில் குமார் செல்வராஜ், பேப்பரில் செல்வராஜ் கே., பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்ததால் விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியவில்லை. படிக்கும் அதிகாரிக்கு இது நான்கு ஆளாகத் தெரியும். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் வாங்கி எல்லாப் பேப்பரையும் அதன் கீழ் கொண்டுவாருங்கள். இனிஷியல் என்பது அப்பா பெயர், இவையெல்லாம் ஒரே நபர் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரத்தையும் மனுவில் வையுங்கள்.

அனுப்புவதும் அதன் பிறகும்

என்ஐடபிள்யூவுக்கு ஐ-140 படிவத்தோடு, தொழிலாளர் சான்றுக்கான இடிஏ-9089 படிவத்தின் பின்னிணைப்பு ஏ-வும் இறுதித் தீர்மானப் பக்கமும் கையெழுத்தோடு போக வேண்டும். பலர் இதை மறந்து திரும்ப வாங்குகிறார்கள். கட்டணம் அடிக்கடி மாறுவதால், மனு அனுப்பும் அன்று காலையில் யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் பார்த்துக் கட்டுங்கள். கூடுதல் கட்டணம் கட்டி விரைவுப் பரிசீலனை கேட்டால் ஈபி-1ஏ, ஈபி-1பி-க்கு 15 வேலை நாளிலும் என்ஐடபிள்யூவுக்கு 45 வேலை நாளிலும் ஏதாவது ஒரு பதில் வரும். அது அங்கீகாரமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. தேதி பிடிப்பதுதான் நோக்கம் என்றால் இந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம், விரைவானாலும் மெதுவானாலும் பிரயாரிட்டி டேட் ஒன்றேதான்.

மனு போட்ட நாளில் உங்களிடம் என்ன தகுதி இருந்ததோ அதுதான் கணக்கு, பிறகு வந்த பேப்பர் காப்பாற்றாது. ஆர்எஃப்இ என்ற கூடுதல் சான்று கேட்கும் கடிதம் வந்தால் பயப்படாதீர்கள், நிராகரிப்பு அல்ல அது. சுமார் 12 வாரம் தருவார்கள். பதில் ஒரே முறைதான், எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்ப வேண்டும். கடிதத்தில் அதிகாரி எழுப்பிய ஒவ்வொரு வரிக்கும் பதில் இருக்கிறதா என்று பேனாவால் டிக் அடித்துப் பாருங்கள்.

வக்கீல் வேண்டுமா? நன்றாக ஆங்கிலம் எழுதுபவர், நேரம் இருப்பவர் தானே என்ஐடபிள்யூ போடலாம், போட்டு ஜெயித்தவர்கள் நிறைய. விசா நிலையில் சிக்கல், ஜே-1 நிபந்தனை, முன்பு ஒரு நிராகரிப்பு என்று ஏதாவது இருந்தால் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். பல்கலைக்கழகம் அமர்த்தும் வக்கீல் பல்கலைக்கழகத்தின் நலனைப் பார்ப்பவர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அங்கீகாரம் வந்த பின், வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் உங்கள் தேதி வந்ததும் கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பமான ஐ-485 போட வேண்டும். 21 வயதைத் தாண்டினால் பிள்ளைகள் உங்கள் விண்ணப்பத்தில் சேர முடியாமல் போகலாம், அதனால் அவர்களுக்கு அந்த வயது நெருங்கினால் இந்தக் காத்திருப்புக் கணக்கை வருடத்துக்கு ஒருமுறை வக்கீலோடு உட்கார்ந்து பாருங்கள்.

ஐ-485-க்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், என்னுடையதில் குழந்தையின் பெயர் என்ற கட்டம் காலி. பிறந்தபோது பெயர் வைக்கவில்லை, பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. நான்கு முறை அலுவலகத்துக்கு நடந்தார். "பள்ளிக்கூட சர்டிபிகேட் கொண்டாங்க" என்றார்கள், கொண்டுபோனார். "அப்பா பேர்ல ஒரு எழுத்து வேறயா இருக்கே" என்றார்கள். ஐந்தாவது முறை மாமா கூடப் போய் முடித்துக்கொடுத்தார். பதிவே இல்லாதவர்கள், பதிவு கிடைக்கவில்லை என்ற சான்றும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும், பிறந்தது தெரிந்த உறவினர் இருவரின் உறுதிமொழியும் வாங்கலாம். அந்த உறவினர்கள் வயதானவர்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், இரண்டு மொழியும் தெரிந்த நண்பர் ஒருவர் மொழிபெயர்த்து, சரியான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்திட்டால் போதும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போவதற்கு முன், முதல் திங்கட்கிழமை காலையில் இந்த வேலையைப் பாருங்கள். அம்மாவை அனுப்பாதீர்கள்.